கனடாவில் அண்ணன், படுக்கையில் அம்மா, தள்ளிப்போன டோக்கன்: ஃபிளாட் பத்திரத்தை எப்படி முடிப்பது?

கேள்வி கேட்டவர்:

வணக்கம். சென்னையில் அப்பா பேரில் இருந்த ஃபிளாட்டை விற்கிறோம். அப்பா காலமான பிறகு வாங்கிய வாரிசுச் சான்றின்படி அம்மா, அண்ணன், நான், தங்கை ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. விலையிலும் பங்கிலும் எங்களுக்குள் எந்தப் பிணக்கும் இல்லை. நால்வரும் ஒரே நாளில் சார்பதிவாளர் முன்னால் நிற்க முடியவில்லை, அதுதான் சிக்கல்.

அண்ணன் கனடாவில் வேலை பார்க்கிறார். அவர் ஊருக்கு வந்திருந்தபோது பதிவுக்கு டோக்கன் (நாளும் நேரமும் ஒதுக்கும் சீட்டு) போட்டோம். அன்றைக்கு சர்வர் வேலை செய்யவில்லை என்று சொல்லிப் பதிவு நடக்கவில்லை. அடுத்த டோக்கனுக்குள் அவர் விடுப்பு முடிந்து கிளம்பிவிட்டார். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து எழுந்து நடக்க முடியாத நிலை. தங்கை கோவையில் ஆசிரியை, தேர்வு நேரத்தில் விடுப்பு கிடைப்பது கஷ்டம்.

வாங்குபவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய வங்கிக் கடன் ஒப்புதல் காலாவதியாகப் போகிறது, எங்கள் கிரய ஒப்பந்தத்தின் கெடுவும் நெருங்குகிறது. அண்ணன் ஒரு சம்மதக் கடிதம் எழுதி, அங்கே நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினால் போதும் என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில் 1 (ஆவண எழுத்தர்):

நம்பாதீர்கள். சம்மதக் கடிதத்தை வைத்து அவர் பங்கைப் பதிய முடியாது. ஸ்கேன் பிரிண்ட்டை எந்த அலுவலகத்திலும் வாங்க மாட்டார்கள்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நால்வரும் ஒரே நாளில் வந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, எழுதிக் கொடுப்பவர்கள் ஒன்றாகவும் வரலாம், வெவ்வேறு நாளிலும் வரலாம் என்கிறது. நேரில் வர முடியாதவருக்கு முறையான பவர் (அவர் சார்பில் செயல்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) பெற்ற முகவர் வரலாம். அந்தப் பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதை 33ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் விஷயம் முழுவதும் இந்த இரண்டு பிரிவுக்குள் அடங்கிவிடும்.

அண்ணன்: இந்தியத் துணைத் தூதரகத்தில் நேரில் போய்ப் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்க வேண்டும். அங்குள்ள நோட்டரி முன் எழுதியதும் சட்டப்படி செல்லும். கனடாவில் 2024 ஜனவரி முதல் அப்போஸ்டில் (ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாட்டில் ஏற்க அரசு தரும் சான்று) முறையும் இருக்கிறது. ஆனாலும் வாங்குபவருடைய வங்கி வக்கீல் எதை ஏற்றுக்கொள்வார் என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். என் அனுபவத்தில் தூதரகச் சான்றுக்குத்தான் மறுகேள்வி குறைவு.

அசல் பவர் இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.

பவரில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பொதுவாக ‘என் சொத்துக்களை நிர்வகிக்க’ என்று எழுதினால் உதவாது. இந்த ஃபிளாட்டின் கதவு எண், பிரிக்கப்படாத மனைப் பங்கு, நான்கெல்லை எல்லாம் ஷெட்யூலில் (சொத்து விவரப் பகுதியில்) வரவேண்டும். விற்க, கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட, பதிவுக்குத் தாக்கல் செய்ய, எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்ள என்று ஒவ்வொரு அதிகாரமும் தனித்தனியாக இருக்க வேண்டும். பணம் வாங்கும் அதிகாரம் வேண்டாம், அவர் பங்கு நேராக அவர் கணக்குக்கே போகட்டும். குடும்பத்துக்குள் இந்தத் தெளிவு இருந்தால் பின்னால் மனக்கசப்பு வராது.

பதியும் நாளில் அண்ணன் உயிருடன் இருக்கிறார் என்பதற்குச் சமீபத்திய சான்றும் கேட்பார்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்துவிடும் என்பதுதான் காரணம். அதையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள்.

அம்மா: மருத்துவர் சான்றோடு மனுக் கொடுத்து, உரிய கட்டணம் கட்டினால் பதிவு அதிகாரியே வீட்டுக்கு வந்து கையெழுத்தும் ரேகையும் பெறுவார். பிரிவு 31, 38 இதற்குத்தான். ஸ்ட்ரெச்சரில் வைத்து மாடிப்படி ஏற்றும் கொடுமையை யாரும் செய்யாதீர்கள். நான் அதைப் பார்த்திருக்கிறேன், மனசு தாங்கவில்லை.

தங்கை: வேறொரு நாளில் வந்து கையெழுத்திட்டாலும் செல்லும். ஆனால் பத்திரம் நிலுவையில் நிற்கும்போது வங்கி செக்கைக் கையில் கொடுக்காது. அதனால் கோவையில் அவர் வசிக்கும் பகுதிச் சார்பதிவாளரிடமே உங்கள் பேருக்குப் பவர் பதிந்து கொடுத்துவிடுவது உத்தமம். அரைநாள் விடுப்பு போதும்.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி ஐயா. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டது. அண்ணன் கிளம்பும் முன் அச்சிட்ட கிரயப் பத்திரத்தின் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார். அது இனி வீண்தானா?

பதில் 1 (ஆவண எழுத்தர்):

வீண் இல்லை. ஆனால் அவர் கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பலர் வெவ்வேறு நாளில் கையெழுத்திட்டால், ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் அந்தந்த நாளிலிருந்து 4 மாதம் என்கிறது 24ஆவது பிரிவு. தவிர்க்க முடியாத காரணத்தால் தாண்டிவிட்டால் 25ஆவது பிரிவில் இன்னொரு 4 மாதம் உண்டு. அதற்கு அபராதம் பதிவுக் கட்டணத்தின் 10 மடங்குவரை போகலாம், அதை நம்பி உட்காராதீர்கள்.

கையெழுத்து இருந்தாலும் ‘இது நான் எழுதிக் கொடுத்ததுதான்’ என்று அவர் சார்பில் ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏற்கனவே கையெழுத்திட்ட பத்திரத்தை ஒப்புக்கொள்ளும் அதிகாரத்தையும் பவரில் ஒரு வரியாகச் சேருங்கள். அப்படியானால் பழைய பத்திரமும் ஓடும், புதிதாக எழுத நேர்ந்தாலும் அதே பவர் போதும்.

பதில் 2 (வரி ஆலோசகர்):

டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே வாங்குபவர் பிடித்துக் கட்டும் வருமான வரி) பற்றி யாரும் பேசவில்லையே! மொத்த விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், இங்கே வசிக்கும் மூவர் பங்கில் வாங்குபவர் 1 சதவீதம் பிடிப்பார். அண்ணன் வரிச்சட்டப்படி வெளிநாட்டு வாசி என்றால் அவர் பங்குக்கு அந்த 50 லட்சம் வரம்பே கிடையாது. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், அதன்மேல் செஸ், பொருந்தினால் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிகளும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்காவிட்டால், வாங்குபவர் தன் பாதுகாப்புக்காக முழுத் தொகைமீதும் பிடித்துவிடுவார். பிறகு ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும். இந்தச் சான்று கிடைக்க நாளாகும், எனவே பவர் வேலையோடு சேர்த்தே தொடங்குங்கள். அவருடைய பான் எண் செயல்பாட்டில் இருக்கிறதா, என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வைக்கும் வங்கிக் கணக்கு) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் 3:

எங்கள் வீட்டிலும் இதே கதைதான், அக்கா துபாயில். நாங்கள் கற்றது ஒன்றுதான்: டோக்கன் கடைசி வேலை. எல்லாருடைய தாளும் கையில் வந்த பிறகே நாள் குறியுங்கள். சுபமுகூர்த்த நாளைத் தவிர்க்க வாங்குபவரிடம் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் 100 டோக்கனை 150 ஆக்கினாலும் கூட்டம் தாங்காது. சர்வரும் மெதுவாகும். அவசரத்துக்குத் தட்கல் டோக்கன் இருக்கிறது.

ஒப்பந்தக் கெடு முடியும் முன்பே கால நீட்டிப்பு ஒப்பந்தம் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். மூல ஒப்பந்தம் பதிவானது என்றால் நீட்டிப்பையும் பதியுங்கள். வாங்குபவரிடம் இன்றைக்கே பேசி, வங்கியில் கடன் ஒப்புதலைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். தாமதத்தை மறைத்தால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

இன்னொருவர்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் தம்பி எங்கே இருக்கிறான் என்றே பல வருஷமாகத் தெரியாது. அவனை விட்டுவிட்டு விற்கலாமா?

பதில் 1 (ஆவண எழுத்தர்):

உங்கள் பங்கை மட்டும் விற்கச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் சொத்தின் ஒரு பங்குக்கு மட்டும் எந்த வங்கி கடன் கொடுக்கும்? தம்பி பங்கையும் சேர்த்து விற்றால் அந்த அளவுக்குப் பத்திரம் செல்லாது. உங்களுக்கு நீதிமன்றம்தான் வழி. பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, பிரிக்க முடியாத சொத்து என்பதால் விற்றுப் பணத்தைப் பங்கிட உத்தரவு கேட்கலாம், தம்பி பங்கு நீதிமன்றத்தில் இருக்கும். இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே 7 ஆண்டாக எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்ததாக அனுமானிக்கச் சாட்சியச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் அதையும் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். காவல்துறையில் காணவில்லை என்ற புகார் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைக் கொடுங்கள். தம்பி எங்காவது நலமாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:

அண்ணனிடம் பேசிவிட்டேன். தூதரக நேரத்துக்கு விண்ணப்பித்துவிட்டார், பவர் வாசகத்தை ஐயா சொன்னபடி எழுதி வங்கி வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறேன். நீட்டிப்பு ஒப்பந்தத்துக்கு வாங்குபவர் சம்மதித்துவிட்டார். அம்மா வீட்டுப் பதிவுக்கான மருத்துவர் சான்றை நாளை வாங்குகிறேன்.