விக்சனரியை முகவரிப் பட்டையிலேயே தேட வழி இருக்கிறதா?

கொழிஞ்சாம்பாறை:
வணக்கங்க. மலையாளப் பத்திரங்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கிற வேலை எனக்கு. போக்குவரவு, தண்டப்பேர் என்று வில்லேஜ் ஆபீஸ் வார்த்தைகள் வரிக்கு வரி வரும், ஒவ்வொன்றுக்கும் விக்சனரி என்ற இணைய அகராதியின் மலையாளத் தளத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் அடித்து, அப்புறம் தமிழ் விக்சனரிக்குப் போய் மறுபடியும் அதையே செய்ய வேண்டியிருக்கிறது. குரோமில் நாமே தேடுபொறி சேர்க்கலாமே என்று அமைப்புகளுக்குள் போனேன். பெயர், குறுக்குச்சொல் புரிகிறது. மூன்றாவது பெட்டியில், தேடும் சொல் வரும் இடத்தில் சதவீதக் குறியும் எஸ்ஸும் வைத்த முகவரி கேட்கிறது. 'வீடு' என்று தேடி முகவரியை நகலெடுத்தால் சதவீதக் குறியாக நீண்ட வால் வருகிறது. இதில் எதை வெட்டுவது?

வேலந்தாவளம்:
அண்ணா, அந்த வால் முழுக்க 'வீடு'தான். எழுத்துகளைக் கணினிக்காகப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், முகவரியில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சதவீதக் குறி. வ, ஈகாரக் குறி, ட, உகரக் குறி என நான்குக்கும் சேர்த்து 12 சதவீதக் குறி வந்துவிடும், மலையாளத்துக்கும் இதே கணக்குதான். அதனால் முதலில் தமிழில் தேடாதீர்கள். அகராதியில் இருக்கவே முடியாத மூன்று நான்கு ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். இருக்கிற சொல்லைக் கொடுத்தால் விக்சனரி நேராக அந்தச் சொல்லின் பக்கத்துக்குத் தாவிவிடும், தேடல் முகவரி கையில் கிடைக்காது. இப்போது முகவரியில் அந்த எழுத்துகள் பளிச்சென்று தெரியும். அதை மட்டும் அழித்து, சதவீதக் குறியும் ஒட்டினாற்போல் சிறிய எஸ்ஸும் போடுங்கள். பக்கத்தில் வேறு சதவீத வால் இருந்தால் தொட வேண்டாம், அது தேடல் பக்கத்தின் தமிழ்ப் பெயர்.

குறுக்குச்சொல்லுக்கு 11, 22 என்று எண்ணே வையுங்கள். மலையாளத் தட்டச்சில் இருந்தாலும் தமிழில் இருந்தாலும் எண் மாறாது. 11 அடித்து டேப் தட்டி, சொல்லை அடித்து என்டர், அவ்வளவுதான்.

மீனாட்சிபுரம்:
இதற்கென்று எக்ஸ்டென்ஷன் எதையும் நிறுவிவிடாதீர்கள். நீங்கள் பார்க்கும் எல்லாப் பக்கத்தையும் படிக்க அனுமதி கேட்பவை அதில் நிறைய, அடுத்தவர் பத்திரம் திறந்திருக்கிற கணினியில் அது கூடவே கூடாது. பிரவுசரிலேயே இந்த வசதி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் இன்னும் சுலபம்: 2025 ஜூனில் வந்த 140-ஆம் பதிப்பிலிருந்து, தளத்தின் தேடல் பெட்டியிலேயே வலது கிளிக் செய்து சேர்த்துவிடலாம்.

கொழிஞ்சாம்பாறை:
இரண்டு விக்சனரியும் சேர்ந்துவிட்டது, ரொம்ப நன்றிங்க. இன்னொரு தளத்துக்கு இதே மாதிரி செய்யப் பார்த்தால், எதைத் தேடினாலும் முகவரி மாறாமல் அப்படியே நிற்கிறதே?

வேலந்தாவளம்:
அது போஸ்ட் முறையில், அதாவது முகவரியில் சேர்க்காமல் தனியாக, சொல்லை அனுப்பும் தளமாக இருக்கலாம், அப்படியானால் தேடும் சொல் முகவரியில் ஏறவே ஏறாது. குரோமின் அந்தப் பெட்டிக்கு அது சரிப்படாது அண்ணா, பக்கத்தை புக்மார்க் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.