கொழும்பை நினைவிலிருந்து வரையச் சொல்பவர்களுக்கு: அனுபவப் பகிர்வு

வெள்ளவத்தைவாசி:
வழி, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளம். மக்கள் ஒரு நகரத்தை மனதில் எப்படிப் படமாக வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்த நகரத் திட்டமிடலாளர் கெவின் லிஞ்ச், அந்த மனப்படத்தின் கூறுகளாக 1960இல் பிரித்த இந்த ஐந்தும் கொழும்புக்கும் நன்றாகப் பொருந்தும். ஆனால் அந்த மனப்படத்தை அறிய ஆட்களை வரைய வைக்கும் முறையில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

கோடில்லாத ஏ4 தாள், பேனா, 15 நிமிடம் போதும். அழிறப்பர் கொடுக்க வேண்டாம். வெட்டிய கோடும் தகவல்தான். கரையோரத்தை அச்சடித்துக் கொடுக்கவே கூடாது. இங்கே நம் ஆட்களுக்குத் திசை சொல்வது கடல். அதை எப்போது, எங்கே போடுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். எது முதலில், எது பிறகு என்று பக்கத்தில் இருந்து இலக்கமிடுங்கள். முடிந்த தாளில் அந்த ஒழுங்கு தெரியாது.

காலி வீதியை நேர்க்கோடாக இழுப்பார்கள். உண்மையில் கரை தெற்கே போகப் போகக் கிழக்காகச் சாய்கிறது. திருத்தாதீர்கள். நமக்கு வேண்டியது அந்த நேராக்கல்தான்.

வெள்ளவத்தையின் எல்லை தெளிவாக வரும். வடக்கிலும் தெற்கிலும் கால்வாய், மேற்கே கடல்; பஸ்ஸில் போகிறவருக்கும் பாலம் தாண்டுவது தெரியும். கிழக்குப் பக்கம்தான் மங்கும். கிழக்கிலிருந்து மேற்காகக் காலி வீதி, மரைன் டிரைவ் வீதி, தண்டவாளம், கடல் என்பது சரியான வரிசை. ரயிலில் போய்வருபவர் தண்டவாளத்தை விடமாட்டார், பஸ்காரர் மரைன் டிரைவையே விட்டுவிடுவார். ஆகவே தாளின் மூலையில் எதில் பயணிக்கிறார் என்று எழுதிவையுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரர்:
வரைய வைக்காமல், புகைப்படம் காட்டி இது எந்த இடம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. தாமரைக் கோபுரத்தைக் காட்டிப் பயனில்லை, எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருப்பதால், நாம் நிற்கும் இடத்தையும் அது சொல்லாது. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவின் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் அப்படியல்ல. தெரு ஒடுக்கம், கிட்டப் போனால்தான் அந்தச் சிவப்பு வெள்ளைக் கோடுகள் முழுதாகத் தெரியும். அதனால் அதை அடையாளம் காண்பவருக்குத் தான் நிற்கும் தெருவும் தெரியும்.

சந்திப் படங்களைக் கண் மட்டத்தில் எடுத்து, பெயர்ப்பலகைகளை மறையுங்கள். இல்லாவிட்டால் வாசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

வெள்ளவத்தைவாசி:
உண்மை. குறுக்குத் தெருக்களின் இலக்கம் கோட்டைப் பக்கமிருந்து ஏறுகிறது, ஆனால் சனம் அங்கே விற்கும் சரக்கை வைத்துத்தான் தெருவைச் சொல்லும். அந்தச் சொல்லையே எழுதுங்கள், இலக்கத்தைப் பிறகு பக்கத்தில் சேர்க்கலாம். டுப்ளிகேஷன் வீதிக்கும் அப்படியே, ஆர்.ஏ. டி மெல் மாவத்தை என்ற அதன் அதிகாரப்பூர்வப் பெயரை நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.