லூபஸ்: செத்த செல்லை உடம்பு அள்ளவில்லை என்றால் என்ன?

கேள்வி: செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். அக்காவுக்கு லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்), வயலுக்குப் போய் வந்தாலே இரண்டு கன்னமும் சிவந்து தடிக்கிறது. திருவனந்தபுரத்தில் காட்டினோம், "செத்த செல்களை உடம்பு சரியாக அள்ளவில்லை" என்றார் டாக்டர். புரியவில்லை.

பதில் 1: தம்பி, செல் சாகும்போது உள்பக்கம் இருந்த பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் வந்துவிடும், அதுதான் அடையாளம், மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல் வந்து சத்தமில்லாமல் விழுங்கிவிடும். தாமதமானால் செல் உடைந்து டிஎன்ஏ வெளியே சிந்தும், அதையே எதிரியாக நினைத்து உடம்பு ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கும். வெயில் பட்டால் தோல் செல்கள் இன்னும் அதிகமாகச் சாகும், கன்னம் சிவப்பது அதனால்தான். குடை, முழுக்கை சட்டை கட்டாயம்.

பதில் 2: சி1க்யூ என்ற புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வருகிறது. இந்த அள்ளும் வேலைக்கு அதுவும் தேவை. அப்புறம், சிறுநீரகம் பாதிக்கலாம், யூரின் டெஸ்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணா, நாளைக்கே எடுக்கிறோம்.