செஸ் நிரல் விதிப்படி ஆடுகிறது என்பதற்கு எது ஆதாரம்?

குதிரைக்காரன்:
ஆறு மாதமாக ஓய்வு நேரத்தில் எழுதிய செஸ் நிரல் முடிந்துவிட்டது. நகர்த்தல்களை உருவாக்கும் பகுதி சரிதான் என்பதற்கு ஆதாரம் பெர்ஃப்ட் சோதனை. தொடக்க நிலையிலிருந்து ஐந்து ஆழத்துக்கு, அதாவது இரு தரப்பும் மாறிமாறி மொத்தம் ஐந்து நகர்த்தல் செய்ய, எத்தனை வழிகள் என்று எண்ணவிட்டேன், 48,65,609 வந்தது. எல்லாரும் ஒப்புக்கொண்ட எண் அதுதான். தன்னோடு தானே நூறு ஆட்டமும் ஆடியது, ஒருமுறைகூட நின்றுபோகவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கட்டம்64:
உங்கள் உழைப்புக்கு வாழ்த்துகள். ஆனால் அந்த எண் நீங்கள் சொல்வதை நிரூபிக்கவில்லை. தொடக்க நிலையிலிருந்து ஆறு ஆழம் போனாலும், ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் சேர்ந்து நகரும் காஸ்லிங் ஒன்றுகூட வராது, ஏழில்தான் தலைகாட்டும். சிப்பாய் ராணியாவது ஏழிலும் இல்லை. அந்தப் பகுதிகள் உங்கள் சோதனையில் ஓடவே இல்லை. தன்னோடு ஆடுவதும் அப்படித்தான். விதியைத் தப்பாகப் புரிந்துகொண்ட நிரல் இரண்டு பக்கமும் அதே தப்போடு ஆடும். யார் கண்டுபிடிப்பது?

மாலைநேரம்:
ஆசைக்கு எழுதியதை இப்படிக் குடைந்தால் நாளைக்கு யார் தங்கள் வேலையை வெளியே காட்டுவார்கள்? சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாம், இல்லை என்பதைக் காட்ட முடியாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவே சொல்லிவிட்டார். அப்புறம் எந்த எண் வந்தால் உங்களுக்குத் திருப்தி?

கட்டம்64:
அதனால்தான் பிழை ஒளிந்திருக்கக்கூடிய இடத்தில் தேடச் சொல்கிறேன். செஸ் நிரல்களைச் சோதிக்கப் பயன்படும் கிவிபீட் என்ற ஆட்ட நிலையைப் போட்டுப் பாருங்கள். இரண்டு தரப்புக்கும் இரு பக்கமும் காஸ்லிங் உரிமை உண்டு. முதல் ஆழத்தில் 48 வழிகள் வரவேண்டும், அடுத்து 2,039, அடுத்து 97,862.

குதிரைக்காரன்:
ஓட்டினேன். 48 சரி. அடுத்தது 2,038.

ஒன்றே ஒன்று குறைகிறது! ஒவ்வொரு முதல் நகர்த்தலுக்கும் தனித்தனியாக எண்ணி இடத்தைப் பிடித்துவிட்டேன். வெள்ளைக் குதிரை இ5 கட்டத்திலிருந்து போய் டி7 கட்டத்துச் சிப்பாயை வெட்டுகிறது. அடுத்து கறுப்பு ராணிப் பக்கம் காஸ்லிங் செய்யலாம், என் நிரல் கூடாது என்கிறது. காரணம், குதிரை பி8-ஐத் தாக்குகிறது. ஆனால் ராஜா நிற்கும் இ8, கடக்கும் டி8, போய்ச் சேரும் சி8 ஆகியவைதான் தாக்குதலில் இருக்கக் கூடாது. பி8 காலியாக இருந்தால் போதும், அதைக் கடப்பது யானை மட்டுமே. நான் அதையும் சேர்த்துச் சோதித்திருந்தேன்.

மாலைநேரம்:
சரி, இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நூறு ஆட்டத்தில் யாருக்கும் தெரியாத பிழையால் யாருக்கு என்ன நட்டம்?

கட்டம்64:
நியாயமாகக் காஸ்லிங் செய்கிறவரிடம் நிரல் ‘விதிமீறல்’ என்று சொன்னால், விதி தெரியாதவர் அதையே விதி என்று நம்பிவிடுவார். எனக்கு அது பெரிய நட்டம்தான். இன்னொன்று: ஒரு தப்பான நகர்த்தலைச் சேர்த்து ஒரு சரியானதை விட்டாலும் கூட்டுத்தொகை பொருந்திவிடும். அதனால் மொத்தத்தை மட்டும் போடாதீர்கள், நகர்த்தல்வாரியான எண்ணிக்கையையும் போடுங்கள். மற்றவர்கள் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்க்கட்டும்.

குதிரைக்காரன்:
திருத்திவிட்டேன். 2,039, 97,862 இரண்டும் வந்துவிட்டன. மூலநிரலோடு சோதனையையும் வைக்கிறேன், ஒரே கட்டளையில் ஓடும். ஆன் பாசான், அதாவது இரண்டு கட்டம் பாய்ந்து பக்கத்தில் வந்து நிற்கும் எதிரிச் சிப்பாயை, அது ஒரு கட்டம் மட்டுமே வந்ததுபோல் நம் சிப்பாய் வெட்டுவது, பாக்கி இருக்கிறது. ராஜா, இரண்டு சிப்பாய்கள், எதிரி யானை எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும்போது இரண்டு சிப்பாய்களும் ஒருசேர விலகி ராஜாவுக்குச் செக் திறந்துவிடும் நிலை. இன்றிரவு அதைத்தான் போடப்போகிறேன்.