ஆடி மங்கினால் வில்லையும் குற்றவாளியா?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
"வெயிலைக் குவித்து மின்சாரம் எடுக்கும் முறை விண்வெளியில் தோற்றுப்போன முறை" என்று செவ்வாய்ப்பேட்டை நண்பர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1998 அக்டோபரில் புறப்பட்ட டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தின் சூரியத் தகடு இறக்கைகளில் 720 பிரெனல் வில்லைகள், அதாவது ஒளியைக் குவிக்கும் மெல்லிய, வரிவரியான லென்சுகள், இருந்தன. அவை வெயிலை மெல்லிய கோடுகளாகக் குவித்து அடியிலிருந்த, வெயிலை மின்சாரமாக்கும் செல்களின்மேல் விழச் செய்தன. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவில் ஏறத்தாழ 2,500 வாட் கிடைத்தது. மின்னேற்றிய அணுக்களை உமிழ்ந்து விண்கலத்தைத் தள்ளும் அயனி எந்திரம் அதில்தான் ஓடியது; 2001 செப்டம்பரில் போரெல்லி வால்வெள்ளியையும் அந்த விண்கலம் நெருங்கிப் படமெடுத்தது. இதுவா தோல்வி?

செவ்வாய்ப்பேட்டை:
1999 டிசம்பரில் ஏவப்பட்ட கேலக்சி 11 செயற்கைக்கோளை ஏன் விட்டுவிட்டீர்கள்? சூரியத் தகடுகளின் இருபுறமும் சாய்ந்து நின்று வெயிலை அவற்றின்மேல் திருப்பிய அதன் ஆடிகள், அதாவது முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பரப்புகள், மங்கின. மின்சாரம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்தது. செய்த நிறுவனமே அந்த அமைப்பைக் கைவிட்டது. ஆடி மங்கியதா, இல்லையா?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
மங்கியது ஆடி, நான் பேசுவது வில்லை. ஒன்றின் குற்றத்தை மற்றொன்றின் தலையில் கட்டாதீர்கள்.

ஏற்காட்டுக்காரர்:
எங்கள் தோட்டத்தில் வெந்நீருக்காகப் பளபளப்பான எவர்சில்வர் தகடு ஒன்றை வளைத்து வைத்திருக்கிறேன். காலைப் பனியில் அது பால்போல் வெளுத்துவிடும். துண்டால் துடைத்த பிறகே நீர் சூடேறும். மேலே போய் யார் துடைப்பார்கள்?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
அங்கே ஏது பனி? வெற்றிடத்தில் பசையும் நெகிழியும் கக்கும் ஆவிதான் பரப்புகளில் படிந்து, புற ஊதா ஒளியில் கறையாக இறுகுகிறது. பொருள்களைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டியே சூடேற்றி ஆவியை வெளியேற்றினால் அந்தக் கறையை வெகுவாகக் குறைக்கலாம். சென்ற ஆண்டுக் கண்காட்சியில் என் மாணவர்களின் சூரிய அடுப்பில் முட்டை வேகவில்லை என்று எழுதியவரும் தாங்கள்தான்; அன்று வானம் மூடியிருந்ததை எழுதவில்லை.

ஏற்காட்டுக்காரர்:
இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன், ஐயா. உடைத்தபோது வெள்ளைக்கரு நீராகவே ஓடியது. கண்டதை எழுதினேன்.

செவ்வாய்ப்பேட்டை:
முட்டை இருக்கட்டும். 2011-இல் புறப்பட்ட ஜூனோ விண்கலம், பூமியில் கிடைக்கும் வெயிலில் ஏறத்தாழ 27-இல் ஒரு பங்கே விழும் வியாழனில், எந்தக் குவிப்பும் இல்லாமல் வெறும் சூரியத் தகடுகளால் இயங்கியது.

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
அதற்காக எவ்வளவு பெரிய மூன்று இறக்கைகளை விரிக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லுங்கள். வெயிலைக் குவித்தால் விலை மிகுந்த செல்கள் குறைவாகவே போதும். பரப்பு சிறிதாவதால் கதிர்வீச்சைத் தடுக்கத் தடித்த கண்ணாடியையும் அவற்றின்மேல் பொருத்தலாம். இதைப் பத்தாவது முறையாக எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை:
சூரியனை விட்டுச் சில பாகை விலகினால் குவிந்த கோடு செல்லைத் தாண்டி விழும். கட்டுப்பாடு தவறிய விண்கலம் அப்போது எதை நம்பும்? நான் கேட்டதற்கும் இன்னும் நேரான பதில் இல்லை. ஆடி மங்கியதா?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
720 வில்லைகள், நண்பரே. வில்லைகள்.