12 ராக்கெட் பினாகா, 6 ராக்கெட் ஹைமார்ஸ்: குறைவாக வைத்திருப்பது எப்படிப் பெரிது?

தென்பெண்ணைக்கரை (கேள்வி):
வணக்கம். என் தம்பிக்கு ராணுவத்தில் பீரங்கிப் படை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்குப் போகிறான். அதிலிருந்து வீட்டில் எல்லாரும் இந்த ராக்கெட் லாரி வீடியோக்களாகப் பார்க்கிறோம். ஒரு விஷயம் புரியவில்லை. நம்முடைய பினாகா எட்டுச் சக்கர லாரி, 12 ராக்கெட். அமெரிக்காவின் ஹைமார்ஸ் ஆறு சக்கரம், 6 ராக்கெட்தான். ஆனால் உக்ரைன் போரில் ஹைமார்ஸ் வந்த பிறகு நிலைமையே மாறியது என்கிறார்கள். பாதி ராக்கெட்டை வைத்துக்கொண்டு எப்படி? பினாகாவில் இப்போது 'கைடட்' வந்திருக்கிறதாமே, அதனால் என்ன மாறும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கன்னர்:
தம்பிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நானும் பீரங்கிப் படையில் 22 வருஷம் இருந்தவன், ஊர் வேலூர் பக்கம். முதலில் கிராட் என்ற ரஷ்ய ராக்கெட் லாரி ரெஜிமெண்ட், அப்புறம் பினாகா.

கிராட்டில் 40 குழாய், 20 கிலோமீட்டர் தூரம். ஒரு ராக்கெட் 66 கிலோ. அதைக் கையால் தூக்கித்தான் குழாயில் செருக வேண்டும். ராஜஸ்தான் வெயிலில் அந்த இரும்பு தோளில் பட்டால் தோல் உரிந்துவிடும் என்று பழைய பனியனை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொள்வோம். அத்தனை பாடுபட்டு ஏற்றிய 40 ராக்கெட்டும் 20 வினாடியில் போய்விடும். பினாகாவுக்கு மாறியபோது முதலில் கண்ணில் பட்டது அதன் கிரேன்தான். ஒரு ராக்கெட் 276 கிலோ, நீளம் கிட்டத்தட்ட 5 மீட்டர். கையால் தூக்குகிற பேச்சே இல்லை. ஆறு ராக்கெட் அடங்கிய பெட்டியை அப்படியே தூக்கி வைப்பார்கள். 44 வினாடியில் 12ம் போய்விடும். ஆறு லாரி சேர்ந்த ஒரு பேட்டரி என்றால் 72.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அத்தனை ராக்கெட் எதற்கு? ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் விழாது, அதனால்தான். பழைய ராக்கெட் குழாயை விட்டுப் போனபின் காற்றின் கையில். வலப்பக்கமிருந்து காற்று அடிக்கிறது என்று வையுங்கள். மோட்டார் எரிகிற வரை ராக்கெட் வலப்பக்கமே மூக்கைத் திருப்பும், வாலில் துடுப்பு இருப்பதால். எரிந்து முடிந்ததும் அதே காற்று இடப்பக்கம் தள்ளும். மேலே போகப் போகக் காற்றின் திசையும் மாறும். அதனால் வானிலைக் குழு பலூன் விட்டு, எந்த உயரத்தில் என்ன காற்று என்று கணக்குக் கொடுக்கும். அதைச் சேர்த்த பிறகும் 38 கிலோமீட்டருக்கு அப்பால் சில நூறு மீட்டர் சிதறும். ஆகவே ஒரு புள்ளியை அடிக்க முடியாது, ஒரு வயல் பரப்பையே அடிக்க வேண்டும்.

ஹைமார்ஸின் ராக்கெட்டுக்கு மூக்கில் சின்னச் சின்ன இறக்கைகள் உண்டு. ஜிபிஎஸ்ஸும், தன் அசைவைத் தானே அளந்துகொள்ளும் கருவியும் சொல்கிறபடி வழியெல்லாம் திருத்திக்கொண்டே போகும். 70 கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒரு கட்டடத்தைக் குறிவைக்கலாம். அப்படி இருக்கும்போது ஆறே அதிகம். லாரி 16 டன்தான், மூன்று பேர் போதும், சி-130 விமானத்தில் ஏறும். அடித்துவிட்டு, பதிலடி வருவதற்குள் இடத்தைக் காலி செய்துவிடலாம்.

உக்ரைனில் ரஷ்யர்கள் பிடித்துவைத்திருந்த கெர்சோன் நகரத்துப் பக்கம் அந்தோனிவ்கா பாலத்தை 2022 ஜூலையில் அடித்த படங்களைத் தேடிப் பாருங்கள். பாலம் இடியவில்லை. தளத்தில் ஓட்டைகள் வரிசையாக விழுந்திருக்கும், கனமான வண்டி போக முடியாதபடி. ரஷ்யப் படை படகிலும் மிதவையிலும் சாமான் கடத்தித் திண்டாடியது. நவம்பரில் கெர்சோனை விட்டுப் பின்வாங்கியது. பல மாத வேலை அது, ஒரே ராத்திரியில் நடந்ததில்லை. அப்புறம் ரஷ்யர்கள் ஜிபிஎஸ்ஸைக் குழப்பக் கற்றுக்கொண்டார்கள், குறி தவறுவதும் கூடியது. ஆகவே மந்திரம் என்று நினைக்க வேண்டாம்.

கைடட் பினாகாவும் இதே வழிதான். தூரம் 75 கிலோமீட்டர். 2024 நவம்பரில் சோதனை முடித்தபோது, படையில் ஏற்கெனவே இருந்த லாஞ்சர்களையே மேம்படுத்தித்தான் சுட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். நாங்கள் துடைத்து எண்ணெய் போட்ட வண்டிகள் இன்னும் வேலைக்கு ஆகும்.

சங்ககிரி மெக்கானிக்:
லாரியைப் பற்றியும் நாலு வார்த்தை. பினாகா நிற்பது டாட்ரா மேல், செக் நாட்டு வடிவமைப்பு. நம் லாரிகளில் ஏணி மாதிரி இரண்டு நீளச் சட்டம் இருக்கும். டாட்ராவில் நடுவே ஒரே தடித்த குழாய்தான் முதுகெலும்பு, சுழலும் தண்டு அதற்குள்ளே ஓடும். ஒவ்வொரு பக்கத்துச் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மேலே இருக்கும் லாஞ்சர் முறுக்கிக்கொள்ளாது. என்ஜினும் காற்றால் குளிர்வது. ரேடியேட்டர் கிடையாது, பாலைவனத்தில் தண்ணீர் தேட வேண்டாம். ஆனால் ஸ்டியரிங் இடப்பக்கம் என்பார்கள். கன்னர் ஐயா, நம் ரோட்டில் எப்படி ஓட்டினீர்கள்?

பழைய கன்னர்:
முந்தும்போது வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவன்தான் டிரைவருக்குக் கண். அவன் 'ஆ ஜாவ்' (வா) என்று சொல்லாமல் வண்டி வெளியே வராது.

காஞ்சி வாசகர்:
ராக்கெட் நம் பக்கத்துக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்பு படை கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையைத் தோற்கடித்தது. மைசூர்க்காரர்களின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகள் அங்கே பாய்ந்தன. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததும் அந்தத் தோல்விக்கு ஒரு காரணம். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தச் சண்டை ஓவியமாக இருக்கிறது. போனால் நின்று பாருங்கள்.

தென்பெண்ணைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. கன்னர் ஐயா, இன்னொன்று. இனி ராக்கெட்டே வழி கண்டுபிடிக்கும் என்றால் ஆளுக்கு என்ன வேலை? தம்பி கணக்கில் சுமார். அம்மா வேறு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. போவதற்குள் அவன் என்ன கற்றுக்கொள்ளலாம்?

பழைய கன்னர்:
ராக்கெட் வழி கண்டுபிடிக்காது தம்பி. இலக்கு எந்த இடம் என்று நாம் கொடுத்த எண்ணுக்குப் போகும். முன்பு எண்ணில் கொஞ்சம் பிசகினாலும் சிதறலோடு சிதறலாகக் கலந்துவிடும். இப்போது தப்பான எண் கொடுத்தால் தப்பான இடத்துக்கு மிகச் சரியாகப் போய் விழும். தப்பியது எந்த இடத்து இலக்கம் என்பதைப் பொறுத்து 10 மீட்டரும் விலகலாம், 10 கிலோமீட்டரும் விலகலாம். அங்கே யார் வீடு இருக்கிறதோ!

எங்கள் பேட்டரியில் தர்மபுரிப் பையன் ஒருவன் இருந்தான். வந்து நாலு மாதம். ஒரு பயிற்சியில் இந்தியில் சொன்ன 'உன்ஹத்தர்' என்பதை 'உன்சட்' என்று கேட்டு, 69க்குப் பதில் 59 எழுதிவிட்டான். சுடுகிற பயிற்சியில்லை, காகிதத்தில்தான். சுபேதார் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "நீ எழுதியதை எனக்குத் திருப்பிப் படி, ஒவ்வொரு இலக்கமாக" என்றார். 'பாஞ்ச், நௌ' (ஐந்து, ஒன்பது) என்று அவன் படித்தபோது அவனுக்கே தெரிந்துவிட்டது, முகம் வெளுத்துப்போனது. அன்றிலிருந்து எங்கள் பேட்டரியில் எண் கேட்டால் அவன்தான் முதலில் திருப்பிச் சொல்வான்.

அதனால் கணக்கு சுமார் என்பது பெரிய குறையில்லை, அங்கே சொல்லித் தருவார்கள். இந்தி எண்களை ஒன்றிலிருந்து நூறு வரை கற்றுக்கொண்டு போகட்டும். உன்சட் (59), உன்ஹத்தர் (69), உனாசி (79), நவாசி (89), இந்த நாலும்தான் நம் பிள்ளைகளுக்குக் குழப்பும். ராத்திரி சாப்பிட உட்காரும்போது அம்மா தமிழில் ஒரு எண் சொல்லட்டும், அவன் இந்தியில் சொல்லட்டும். அம்மாவும் அவனோடு சேர்ந்து இரண்டு வாய் சாப்பிடுவார்கள்.