61 வயது அப்பாவை இன்கா பாதையில் அழைத்துப் போகலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ராணிப்பேட்டைக்காரன்:

வணக்கம். அப்பா அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றார். வயது 61. ஏதோ ஒரு நாட்காட்டியில் வந்த மச்சு பிச்சு (பெரு நாட்டு மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரம்) படத்தை வெட்டி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்து இருபது வருஷமாகிறது. சட்டை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். எங்களிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

பெரு நாட்டுக்கு அவரை அழைத்துப் போகப் பணம் சேர்த்துவிட்டேன். ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். "போனால் நடந்துதான் போகணும்" என்கிறார். அங்கே போகும் இன்கா பாதையில் நாலு நாள் மலை நடை, கூடாரத்தில் தூக்கம். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை போடுகிறார், வேறு தொந்தரவு இல்லை. பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலில் சுற்றுபவர். இந்தப் பழக்கம் போதுமா? வேலூர்ப் பக்கம் எங்கே பயிற்சி எடுக்கலாம்? அம்மா இப்போதே பயப்படுகிறார்.

கோட்டைவெளி:

நடையைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் காகித வேலையை மட்டும் சொல்கிறேன்.

நம் பாஸ்போர்ட்டுக்குப் பெரு விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது) விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் தனி விசா தேவையில்லை. இல்லையென்றால் டெல்லியில் உள்ள தூதரகம்தான்.

முக்கியமானது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மச்சு பிச்சு இருக்கும் உயரத்தில் அந்தக் கொசுத் தொல்லை கிடையாது, அதனால் பலர் விட்டுவிடுகிறார்கள். சிக்கல் திரும்பி வரும்போதுதான். பெருவிலிருந்து வருபவரிடம் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டையை இந்தியாவில் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். என் மைத்துனர் அப்படி மாட்டினார். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். உங்கள் அப்பா அறுபதைத் தாண்டியவர் என்பதால் டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள். அந்த வயதுக்கு மேல் அந்த ஊசிக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

பாலாற்றங்கரை:

தம்பி, நான் போய் வந்தவள். 2019 ஜூன் மாதம், அப்போது எனக்கு 56. வீடு காட்பாடி காந்தி நகர். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தே முப்பது வருஷம் ஓட்டியவள். வெளிநாட்டில் இருக்கும் மகள் கூப்பிட்டாள், போனேன். அதனால் உங்கள் அப்பாவால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் கிரிவலத்தை நம்பிப் போக வேண்டாம். கிரிவலம் பாதத்தைப் பழக்கும், பொறுமையைப் பழக்கும். தரை சமம், மூச்சுக்கு அதில் வேலையில்லை. இன்கா பாதை மொத்தம் 43 கிலோமீட்டர் போல. தூரத்தைக் கேட்டால் மூன்று கிரிவலம்தான். தூரம் ஆளை வீழ்த்தாது. வீழ்த்துவது இரண்டு: உயரமும் படியும்.

முதலில் உயரம். நம் வேலூர் கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம். ஏலகிரி ஏறினாலும் ஆயிரத்து நூறுதான். ஊட்டி தொட்டபெட்டா 2,637. நீங்கள் விமானத்தில் இறங்கும் குஸ்கோ நகரமே 3,400 மீட்டர்! தலைநகர் லிமாவில் கடற்கரையில் காலை காபி, பத்து மணிக்குக் குஸ்கோவில் தலைவலி, அப்படித்தான் எனக்கு ஆனது. அன்று ராத்திரி படுத்தால் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, ஓட்டலில் ஒரு மாடி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மகள் பயந்துவிட்டாள். இரண்டு நாள் தாழ்வான பள்ளத்தாக்கில் ஒல்லாந்தாய்தம்போவில் தங்கினோம், அது 2,800 மீட்டர். அங்கே உடம்பு சரியாகிவிட்டது. நீங்கள் முதலிலேயே அப்படிச் செய்யுங்கள். விமானம் இறங்கியதும் காரில் பள்ளத்தாக்குக்குப் போய்விடுங்கள், அப்புறம் குஸ்கோவுக்கு ஏறி வாருங்கள். நடை தொடங்குமுன் நாலு நாளாவது இதற்கு ஒதுக்க வேண்டும். லீவு இல்லை என்று இந்த நாட்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

உயர நோய்க்கு அசிட்டசோலமைடு என்ற மாத்திரை கொடுப்பார்கள். அப்பா ஏற்கெனவே அழுத்த மாத்திரை போடுபவர், நீங்களாக மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். நம் ஊரில் டாக்டருக்குப் பஞ்சமில்லை, ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். அங்கே எல்லா இடத்திலும் கோகா இலை டீ தருவார்கள், எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த இலை ஒன்றைக்கூடப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டு வரக் கூடாது, இங்கே அது சட்டப்படி குற்றம்.

இனி படி. பாதை தொடங்கும் இடத்துக்கு ஊர்ப் பெயரைவிட ரயில் பாதையின் 82-வது கிலோமீட்டர் என்ற பெயர்தான் வழங்குகிறது. முதல் நாள் ஆற்றோரம், பெரிய கஷ்டமில்லை. இரண்டாம் நாள்தான் நாள். ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம், உச்சி 4,215 மீட்டர். வார்மிவான்யுஸ்கா என்று பெயர், கெச்சுவா மொழியில் இறந்த பெண் என்று அர்த்தம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒருத்தி மல்லாந்து படுத்த மாதிரி இருக்கிறது அந்த மலை. அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் காற்று கீழே கிடைப்பதில் அறுபது சதவீதம் போலத்தான். கடைசி ஒரு மணி நேரம் பத்து அடி வைப்பேன், நிற்பேன். மறுபடி பத்து அடி. என்னைவிட முப்பது வயது சின்னவர்கள் வேகமாகப் போய் வழியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்கள். வழிகாட்டிப் பையன் சொன்னது ஒன்றுதான்: பேச முடிகிற வேகத்தில் நட. நான் வாய்க்குள் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே ஏறினேன். வரி அறுந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்வேன்.

உச்சி தொட்டதும் கஷ்டம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்து ஆயிரக்கணக்கான கல் படி இறக்கம். ஒரு படி அரை அடி, அடுத்தது முழங்கால் உயரம், ஒன்றுபோல் ஒன்று இல்லை. அங்கேதான் புது ஷூ என்னைக் கைவிட்டது. சரியான அளவு என்று கடையில் அடித்துச் சொன்னார்கள், நானும் வாங்கி இரண்டு வாரத்திலேயே கிளம்பிவிட்டேன். இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடித்து, இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து, ஊர் வந்தபிறகு விழுந்தன. அப்பாவுக்கு இப்போதே ஷூ வாங்கி, ஒரு அளவு பெரிதாக, தினமும் போட்டு நடக்கச் சொல்லுங்கள். வெறுங்கால் பழக்கம் உள்ளவருக்கு ஷூ பழகவே மூன்று மாதம் ஆகும்.

பயிற்சிக்கு எங்கேயும் அலைய வேண்டாம். சோளிங்கர் போங்கள். இப்போது அது உங்கள் ராணிப்பேட்டை மாவட்டம், எங்களுக்கு எல்லாம் ஒரே வட ஆற்காடு. பெரிய மலை யோக நரசிம்மர் 1,305 படி. அதில் ஏறி இறங்கி, அதே நாளில் சின்ன மலை ஆஞ்சநேயர் 406 படி. நான் நாலு மாதம் வாராவாரம் போனேன். கடைசி மாதம் முதுகில் ஆறு கிலோ அரிசி கட்டிக்கொண்டு. குரங்குகள் பையைப் பிடுங்கும், தின்பண்டம் வெளியே தெரியக் கூடாது. இப்போது ரோப் கார் வந்துவிட்டது, வயதானவர்களுக்குப் பெரிய உதவி. அப்பா அதில் ஏறவும் வேண்டாம், முக்கியமாக இறங்கவும் வேண்டாம். படியில் இறங்கி இறங்கித்தான் தொடையும் முழங்காலும் பலப்படும். அப்புறம் ஒரு தடவை பர்வதமலை. கடப்பாறைப் படியெல்லாம் ஏறி வந்தால் பயம் தெளிந்துவிடும்.

சுமைதூக்கிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. கூடாரம், அடுப்பு, காஸ் சிலிண்டர், அரிசி, முட்டை, எல்லாம் அவர்கள் முதுகில். ஒருவருக்கு 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாதென்று விதி, தொடக்கத்தில் தராசில் நிறுத்துப் பார்த்தே விடுகிறார்கள். எங்கள் குழுவில் ஒருவருக்கு என் வயதிருக்கும். பழைய டயரை வெட்டித் தைத்த செருப்பு. குதிகால் நம் களிமண் வயல் கோடையில் வெடித்த மாதிரி வெடித்திருந்தது. நான் ஒவ்வொரு படியாகக் கோலை ஊன்றி இறங்கிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து குரல் வரும். மலைப் பக்கம் ஒதுங்கி நிற்போம். அவர் அந்தப் படிகளில் ஓடி இறங்குவார். சாயங்காலம் நாங்கள் போய்ச் சேரும்போது கூடாரம் நிற்கும், வெந்நீர் தயார். சோளிங்கரில் டோலி தூக்கியவர்களின் தோளைப் பார்த்து வளர்ந்தவள் நான், அந்தத் தோளில் அதே தழும்பைக் கண்டேன். நிறுவனத்தைத் தேர்வு செய்யும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். சுமைதூக்கிகளுக்கு என்ன கூலி, எங்கே தூங்க வைக்கிறீர்கள், என்ன சாப்பாடு என்று எழுதிக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். கடைசி ராத்திரி அவர்களுக்குக் கொடுக்க சில்லறை சோல் (பெரு நாட்டுப் பணம்) நோட்டுகளை முன்பே மாற்றி வையுங்கள்.

அப்பா வரலாறு படித்தவர், அவருக்காக ஒன்று. மூன்றாம் நாள்தான் அவருடைய நாள். ருங்குராக்காய், சாயக்மார்க்கா, புயுபட்டமார்க்கா என்று இடிபாடுகள் வரிசையாக வரும், பாறையைக் குடைந்த ஒரு சுரங்க வழியும் உண்டு. சாயங்காலம் வின்யாய் வைனா. அரைவட்டமாக அடுக்கடுக்காக இறங்கும் படிக்கட்டு வயல். நம் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவில் கல்யாண மண்டபத்தில் தூணுக்குத் தூண் யாளியும் குதிரையும் பார்த்து வளர்ந்த கண் எனக்கு. அங்கே சிற்பம் என்று எதுவும் இல்லை. கல்லோடு கல் சேரும் இடம்தான் கலை. மச்சு பிச்சுவில் சூரியக் கோவிலின் வளைந்த சுவரில் சுண்ணாம்பு இல்லை, இடுக்கு இல்லை. இரும்பு தெரியாத மக்கள் செய்தது, அதுவும் நம் வேலூர்க் கோட்டைக்கு நூறு வருஷம் முந்தி. அங்கேயே வெகுநேரம் நின்றேன். அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்காம் 1911 ஜூலை 24 அன்று மச்சு பிச்சு போனபோது அந்த வயல்களில் உள்ளூர் விவசாயிகள் பயிர் வைத்திருந்தார்கள். அப்படியிருக்க, அவர் "கண்டுபிடித்தார்" என்று பாடப் புத்தகத்தில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

மலைக்காற்று:

அக்கா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். இன்கா பாதைக்கு ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, அதில் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் அடக்கம். பயணிகளுக்கு இருநூறு இடம் போலத்தான் மிஞ்சும். தனியாக நடக்க முடியாது, உரிமம் பெற்ற நிறுவனம் மூலமாகத்தான். பிப்ரவரியில் பாதையை மூடிவிடுவார்கள். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, அந்த இடங்கள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். பதிவு செய்த பாஸ்போர்ட் எண்ணும் கையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், அனுமதியை வேறு பெயருக்கு மாற்ற மாட்டார்கள்.

இடம் கிடைக்காமல் நான் சல்கான்தாய் என்ற வேறு மலைப் பாதை வழியாகப் போனேன். அதற்கு இந்த அனுமதி வேண்டாம். ஆனால் கணவாய் 4,600 மீட்டர், இன்னும் உயரம். பெரியவருக்கு நான் சொல்ல மாட்டேன். அவர் தயங்கினால் 104-வது கிலோமீட்டரில் தொடங்கும் குறுகிய பாதை இருக்கிறது. ஒரே நாள், வின்யாய் வைனாவும், மச்சு பிச்சு முதலில் கண்ணில் படும் சூரிய வாசலும் அதிலேயே வந்துவிடும்.

ராணிப்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பிங்காம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் அவரும். "நான் வகுப்பில் 'வெளியுலகுக்கு அறிவித்தார்' என்றுதான் சொல்வேன்" என்றார். குறுகிய பாதை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. நாலு நாள்தானாம்.

அம்மாவுக்குத்தான் ஒரு கேள்வி. நாங்கள் சைவம். நாலு நாள் என்ன சாப்பிடுவார்? குளிர் எப்படி?

பாலாற்றங்கரை:

அம்மாவிடம் கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். பதிவு செய்யும்போதே சைவம் என்று சொல்லிவிட்டால் சமையல்காரர் பார்த்துக்கொள்வார். கீன்வா சூப், உருளைக்கிழங்கு, சோறு, அவரை மாதிரி ஒரு பயறு. உருளைக்கிழங்கில் இத்தனை நிறம் உண்டென்று அங்கேதான் பார்த்தேன். நான் பருப்புப் பொடி கொண்டு போயிருந்தேன், இரண்டாம் நாள் ராத்திரி அந்தச் சூப்பில் ஒரு ஸ்பூன் போட்டதும்தான் நாக்குக்கு உயிர் வந்தது.

குளிர் பெரிய விஷயம். ஜூன், ஜூலை அவர்களுக்குக் குளிர்காலம், இரண்டாம் ராத்திரி தங்கிய இடத்தில் காலையில் கூடாரத்தின் மேல் பனி உறைந்திருந்தது. நம் வெயிலூர் உடம்புக்கு அது புதுசு. கம்பளிக் குல்லா, கையுறை, தெர்மல் உள்ளாடை இரண்டு செட். தூங்கப் போகுமுன் தண்ணீர்ப் புட்டியில் வெந்நீர் ஊற்றிக் காலடியில் வைத்துக்கொண்டால் விடியும்வரை சூடு இருக்கும்.

நாலாம் நாள் இருட்டில் கிளம்பி சூரிய வாசல் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு ஒரே மூட்டம், ஒன்றும் தெரியவில்லை. பலர் இறங்கிவிட்டார்கள். நானும் மகளும் கல்லில் உட்கார்ந்திருந்தோம். அரை மணி கழித்து மூட்டம் ஒரு பக்கமாக விலகி, முதலில் ஒரு சுவர், அப்புறம் கூரையில்லாத வீடுகள், அப்புறம் முழு ஊரும் தெரிந்தது. அப்பாவை அங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

இந்த ஞாயிறு நான் சோளிங்கர் போகிறேன். காலை ஐந்தரைக்குப் பெரிய மலை அடிவாரத்தில் இருப்பேன், வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும். அப்பாவை அழைத்து வாருங்கள். அந்தப் புது ஷூவோடு.